இரவுச் சந்தை வாசலில் கோயில் ஏன்? தைப்பே போய் வந்த ஒரு சந்தேகம்

#1 ஊர்க்குருவி

வணக்கம் நண்பர்களே. அலுவலக வேலையாக ஒன்பது நாள் தைவான் தலைநகர் தைப்பேயில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் கோவை திரும்பினேன். பகல் முழுக்க ஏசி அறையில் கூட்டம். ஊரைக் கண்ணால் பார்த்தது இரவில்தான். ராவ்ஹே தெரு இரவுச் சந்தைக்கு மட்டும் மூன்று தடவை போனேன்.

சுமார் 600 மீட்டர் நீளத் தெரு. இரண்டு ஓரமும் கடை, நடுவிலும் ஒரு வரிசை. போகிறவர்கள் ஒரு பக்கம், வருகிறவர்கள் மறுபக்கம் என்று கூட்டம் தானாகப் பிரிந்துகொள்கிறது. நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் இது நடந்தால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன். நுழைகிற இடத்திலேயே மிளகு ரொட்டி சுடுகிறார்கள். இறைச்சியும் வெங்காயத்தாளும் வைத்து மூடிய மாவு உருண்டையை மண் அடுப்பின் உட்சுவரில் தட்டி ஒட்டுகிறார்கள், அப்படியே நம் தந்தூர் அடுப்பு. நான் சைவம், அதனால் வாசனையோடு சரி.

சந்தேகம் இதுதான். சந்தை தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய கோயில். மாசூ என்ற கடல் தெய்வத்துக்கு 1753-ல் தொடங்கியதாம். ஷிலின் சந்தைக்குப் போனேன், அங்கும் கடைகளுக்கு நடுவே மாசூ கோயில். கீலுங் துறைமுகத்தில் இரவுச் சந்தையின் பேரே ‘கோயில் வாசல்’ என்றார் உடன் வந்தவர். இது தற்செயலா? கோயில் முதலா, சந்தை முதலா?

#2 தைனான்_மாணவி

அண்ணா, நான் நாலு வருடமாக தைவானின் இன்னொரு நகரமான தைனானில் ஆய்வுப் படிப்பில் இருக்கிறேன். இரவுச் சாப்பாடு பாதி நாள் சந்தையில்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

பெரும்பாலான பழைய இடங்களில் கோயில்தான் முதல். இங்கே கோயிலுக்கு முன்னால் ஒரு வெட்டவெளி விடுவார்கள். சாமி பிறந்தநாளுக்கு அங்கே கூத்து நடக்கும். கூத்து பார்க்க வருகிறவனுக்குப் பசிக்கும். நூடுல்ஸ்காரர் ஒருவர் காவடி மாதிரி இரண்டு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார், அடுத்த வருடம் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஷிலின் அப்படித்தான். கோயில் முன்னால் கூடிய சந்தைக்கு ஜப்பானியர் ஆட்சியில், 1909-ல், முறையான சந்தைக் கட்டடம் வந்தது.

இங்கே எல்லோரும் சொல்லும் ஒரு சொல் ‘ரெனாவ்’. சூடு, சத்தம் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தது. கோயில் விழாவுக்கும் அதே சொல், சந்தைக்கும் அதே சொல். நம் ‘களைகட்டுவது’ கிட்டத்தட்ட அது. கூட்டம் இல்லாத கடையில் இவர்கள் வாங்க மாட்டார்கள். சாப்பாடு கெட்டது என்பதால் அல்ல, ரெனாவ் இல்லை என்பதால். நெரிசலைக் குறை என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

ஆனால் நீங்கள் போன ராவ்ஹே விஷயத்தில் கொஞ்சம் நிதானம். கோயில் 1753, சரி. சந்தை 1987! மந்தமாகிப் போன கடைத்தெருவுக்கு உயிர் கொடுக்க மாநகராட்சியே திறந்து வைத்தது. 234 வருடம் கோயில் இரவுச் சந்தை இல்லாமல்தான் நின்றது. அதனால் ‘கோயில் இருந்தது, சந்தை வந்தது’ என்று ஒரே மூச்சில் முடித்துவிட முடியாது.

#3 கணக்குப்பிள்ளை

1987-ஐ எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி தங்கச்சி. தைவானில் 1949-லிருந்து இருந்த ராணுவச் சட்டம் விலகியதும் 1987-தான். என்னைக் கேட்டால் இரவுச் சந்தையின் வரலாறு கோயிலில் இல்லை, ஊரடங்கில் இருக்கிறது.

சீனாவின் தாங் வம்சத் தலைநகர் சாங்ஆன். கிழக்கே ஒரு சந்தை, மேற்கே ஒரு சந்தை. நண்பகலில் 300 முறை முரசு அடித்தால் திறக்கும், சூரியன் மறையுமுன் 300 முறை மணித்தட்டு அடித்தால் மூடும். பிறகு பேட்டைகளின் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். காரணமில்லாமல் தெருவில் அகப்பட்டால் இருபது அடி, சட்டத்திலேயே எழுதியிருந்தது. அரசனுக்கு இருட்டில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் பயம்.

சோங் வம்சத்தில்தான் பூட்டு திறந்தது. 965-ல் முதல் பேரரசர் தலைநகர் கைஃபெங்கில் மூன்றாம் முரசு வரை, அதாவது நள்ளிரவு வரை, இரவுச் சந்தையைத் தடுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அப்புறம் பாருங்கள். அந்த நகரம் 1127-ல் வடக்கிலிருந்து வந்த ஜுர்சென்களிடம் விழுந்தது. தெற்கே ஓடிப்போன மெங் யுவான்லாவ் என்பவர் 1147-ல் தன் ஊர் நினைவை உட்கார்ந்து எழுதினார். பாலத்தடியில் ஆட்டுக்குடல் பொரியலும் கோடையில் பனிக்கட்டிப் பண்டங்களும், எதுவும் 15 காசுக்கு மேல் இல்லை என்கிறார். நள்ளிரவில் சந்தை முடியும், விடியுமுன் ஐந்தாம் சாமத்தில் மறுபடி திறக்கும். நடுச்சாமத்தில் கூஜாவில் தேநீர் விற்க ஆள் வருவார்களாம், வேலை முடிந்து அந்நேரம்தான் வீடு திரும்புகிறவர்களுக்காக. விளக்கு வைத்துத் துணியும் படமும் விற்று, விடிந்ததும் காணாமல் போகும் ஒரு சந்தைக்கு ‘பேய்ச் சந்தை’ என்று பேர்.

தென்கொரியாவிலும் 1982 ஜனவரி வரை நள்ளிரவிலிருந்து காலை 4 மணி வரை ஊரடங்கு. இன்று சியோல் தோங்தேமுன் துணிக்கடைகளில் மொத்த வியாபாரம் விடிய விடிய. பூட்டைத் திறந்தால் சந்தை வரும். இதில் சாமிக்கு என்ன வேலை?

#4 ஏட்டுச்சுவடி

அருமையான இழை. ஆனால் எல்லோரும் கைஃபெங்கிலிருந்தே தொடங்குகிறீர்கள். அதற்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் மதுரையின் நாளங்காடியைத் தனியாகவும் அல்லங்காடியைத் தனியாகவும் பாடியிருக்கிறார். அல் என்றால் இரவு. பகல் கடைத்தெரு ஓய்ந்து மாலையில் அல்லங்காடி கூடும்போது எழும் சத்தம், பலவகைப் பறவைகள் ஒரே நேரத்தில் கத்துவது போல் இருந்ததாம். ‘ரெனாவ்’ என்று தங்கை சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

#5 கணக்குப்பிள்ளை

ஐயா, வந்துவிட்டீர்களா. எந்த இழையாக இருந்தாலும் நாலாவது பதிவில் ‘நாம் அப்போதே’ வந்துவிடுகிறது. மாலைக் கடை எல்லாப் பெரிய ஊரிலும் இருந்திருக்கும். ஒரு சொல் இருப்பதும், நள்ளிரவு வரை நடக்கும் ஓர் ஏற்பாடு இருப்பதும் ஒன்றா?

#6 ஏட்டுச்சுவடி

கோபமில்லை தம்பி, நியாயமான கேள்வி. முதலில் கண்டுபிடித்தது யார் என்ற போட்டிக்கு நான் வரவில்லை. அந்த வர்ணனை அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள். இரவு ஏற ஏறக் கடைகளை அடைக்கிறார்கள். தேனடை போன்ற மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் விற்கும் கூவியர், அதாவது அப்ப வணிகர், பண்டத்தோடு உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். விற்றுத் தீராத பண்டத்தோடு தூங்கும் வியாபாரியைக் கவிஞர் இருட்டில் பார்த்திருக்கிறார், எனக்கு அது போதும்.

புகார்க் கடற்கரைக்குச் சிலப்பதிகாரம் ஒரு விளக்குப் பட்டியலே தருகிறது. பூவும் சுண்ணமும் விற்பவர் விளக்கு, மோதகம் விற்பவர் விளக்கு, அப்பம் சுடுகிறவரின் அகல், இடையிடையே மீன் விற்பவர் விளக்கு, அப்புறம் கலங்கரை விளக்கம். மணலில் வெண்கடுகு விழுந்தால்கூடக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாம். உங்கள் கேள்விக்குப் பதில் சொன்னால், நீங்கள் சொன்னதுதான் சரி. அரசாணை எதுவும் இதில் இல்லை, முரசுக் கணக்கும் இல்லை. கைஃபெங் மாதிரி ‘இத்தனை மணி வரை’ என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

#7 கணக்குப்பிள்ளை

கடுகு கதைக்கு ஒரு கும்பிடு. பதிலுக்கு ஒன்று: கைஃபெங்கின் மாஷிங் தெருவில் கொசுவே கிடையாது என்று ஒரு சோங் காலக் குறிப்பு இருக்கிறது. அத்தனை எண்ணெய் விளக்கின் புகை!

#8 தைனான்_மாணவி

கணக்குப்பிள்ளை அண்ணா, 1987 பற்றி ஒரு திருத்தம். ராவ்ஹே திறந்தது மே மாதம், ராணுவச் சட்டம் விலகியது ஜூலை. அதைவிட முக்கியம், தைவான் இரவுச் சந்தைகள் பெருத்ததே ராணுவச் சட்டம் இருந்த 1960-களிலும் 70-களிலும்தான். ஆகவே பூட்டுக் கணக்கு இங்கே உதைக்கிறது.

அது ஏற்றுமதித் தொழிற்சாலைக் காலம். கிராமத்திலிருந்து வந்த பெண்கள் தொழிற்சாலை விடுதியில் இருப்பார்கள். வேலை முடிவதே இருட்டிய பிறகு. கையில் முதன்முதலாகச் சொந்தக் காசு. ஏற்றுமதிக்குத் தகுதியில்லை என்று கழித்த சட்டையும் செருப்பும் மலிவாகக் கொட்டிக் கிடக்கும். வாங்குகிறவரும் பண்டமும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்து தெருவில் சந்தித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#9 செராங்கூன்65

தங்கச்சி சொல்வது சரி. சம்பளத் தேதியைக் கேட்டால் சந்தை எப்போது என்று தெரிந்துவிடும். நான் சிங்கப்பூர். என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். அங்கே மலையாளிகளும் தமிழர்களும் நிறைய. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் தளத் தொழிலாளிக்கும் சம்பளம் போடுகிற நாளில் தளத்தின் வாசலை ஒட்டி பசார் மாலாம் கூடும். மலாயில் பசார் என்றால் சந்தை, மாலாம் என்றால் இரவு. ஒரே வியாபாரிகள்தான் இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு வேறிடம் என்று சுற்றி வருவார்கள்.

எனக்கு ஞாபகம் இருப்பது காற்றடித்து ஏற்றும் மண்ணெண்ணெய் விளக்கின் ‘உஸ்ஸ்’ சத்தம்தான். வரிசையாக நூறு விளக்கு சேர்ந்து சீறினால் எப்படி இருக்கும்! தரையில் கித்தான் விரித்து, பிளாஸ்டிக் வாளி, சட்டைத் துணி, இசைத்தட்டு. அப்பா எங்களுக்கு வாங்கித் தந்தது பெரும்பாலும் வேர்க்கடலைதான். ஆனால் வாங்குவதற்கு முன் எல்லாக் கடையிலும் விலை கேட்பார். அது அவருடைய பொழுதுபோக்கு என்று இப்போதுதான் புரிகிறது.

1971-ல் பிரிட்டிஷ் படை கிளம்பியது. சம்பளத் தேதி போயிற்று. சாலை நெரிசல், குப்பை என்று 1978-ல் பசார் மாலாமையே அரசு நிறுத்திவிட்டது. தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளையும் அந்தக் காலத்தில்தான் கூரையும் குழாய்த் தண்ணீரும் உள்ள நிலையங்களுக்கு மாற்றினார்கள். சுத்தம் வந்தது, மறுக்கவில்லை. 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அந்த உணவங்காடிப் பண்பாடுதான். இப்போது நோன்பு மாதத்தில் கேலாங் சிராயிலும் தீபாவளிக்கு செராங்கூன் சாலைப் பக்கத்திலும் கூடும் சந்தைகள் உண்டு. அவை பண்டிகைச் சந்தைகள். வாரா வாரம் வாளி வாங்கப் போன சந்தை வேறு.

#10 தாமான்வாசி

அண்ணே, அதை அக்கரையில், மலேசியாவில், நாங்கள் இன்னும் விடவில்லை. கிள்ளான் பக்கம் என் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வியாழன்தோறும் பசார் மாலாம். கோலாலம்பூர் தாமான் கன்னாட்டில் புதன்கிழமை, இரண்டு கிலோமீட்டருக்கு நீளும். துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையை ஒட்டிய சந்தில் சனிக்கிழமை.

இது எப்படி ஓடுகிறது என்று கேட்டால், நகராண்மைக் கழகம் உரிமம் தரும், தெருவில் கோடு போட்டு எண் எழுதியிருக்கும். மூன்றரை, நாலு மணிக்கு வேன்கள் வரும். குடையும் மடக்கு மேசையும் இறங்கும், ஜெனரேட்டர் ஓடும், பத்து பத்தரைக்கெல்லாம் தெரு காலி. மறுநாள் காலை அந்த வழியாகக் காரில் போனால் எண்ணெய்க் கறை மட்டும்தான் சாட்சி. வியாபாரிக்கு வாரத்தில் ஐந்தாறு தாமான். வியாழன் எங்களுக்கு, வெள்ளி பக்கத்து ஊருக்கு.

மலாய்க்காரர் சாத்தே என்ற குச்சியில் சுட்ட இறைச்சியும் பொரித்த வாழைப்பழமும் வைத்திருப்பார். சீனர் ஆப்பாம் பாலிக் வார்ப்பார். வேர்க்கடலையும் சீனியும் தூவி மடிக்கிற தடித்த தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆள் புத்து மாயாம் விற்பார். பேரில் புட்டு, பண்டம் இடியாப்பம்! தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் போட்டுத் தருவார். என் தமிழ்நாட்டு மைத்துனருக்கு இதைக் கொடுத்தபோது ‘குருமா எங்கே?’ என்று தேடினார். கச்சாங் பூத்தே என்று கடலை, முறுக்கு வகை விற்பதும் தமிழர் தொழில்தான். ஈப்போ புந்தோங்கில் அதற்கென்றே ஒரு கம்போங் (சிற்றூர்) இருக்கிறது, எட்டயபுரம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள்.

சாமி, ஊரடங்கு, சம்பளம் எல்லாம் சரி. எங்களுக்கு வெயிலும் ஒரு காரணம். பகல் இரண்டு மணிக்கு இந்தத் தார் ரோட்டில் யார் கடை போடுவது?

#11 தைனான்_மாணவி

கிழமைக்கு ஒரு சந்தையா! அப்படியானால் தைனான் உங்களுக்குப் பிடிக்கும். இங்கே பெரிய சந்தைகள் மூன்று: தாதோங், வூஷெங், ஹுவாயுவான். எந்த நாள் எது என்று குழந்தைகூட ஒப்பிக்கும்: தா, தா, வூ, ஹுவா, தா, வூ, ஹுவா. திங்களில் தொடங்கி ஞாயிறு வரை ஏழு எழுத்து. வெளியூரிலிருந்து வந்து இது தெரியாமல் செவ்வாய்க்கிழமை ஹுவாயுவானுக்குப் போனால் வெறும் வாகன நிறுத்தம் மாதிரி ஒரு பொட்டல்தான் இருக்கும். முதல் மாதம் நான் போய் நின்றேன், பசியோடு.

சாப்பாடு மட்டும் இல்லை. வளையம் எறிதல், பலூன் சுடுதல். தொத்திறைச்சிக் கடைக்காரரோடு கிண்ணத்தில் நாலு பகடை உருட்டுவார்கள். வென்றால் பண்டம், தோற்றால் காசு மட்டும் போகும். கோயில் வாசலில் சூதாடுவது போல் எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது, மூன்று தடவை தோற்றிருக்கிறேன்.

#12 இந்தூர்வாசி

நான் கல்யாணமாகி இந்தூர் வந்தவள். இங்குள்ள சராஃபாவை யாருமே சொல்லவில்லையே. பகலில் அது நகைக்கடைத் தெரு. இரவு எட்டு ஒன்பதுக்கு ஷட்டர் இறங்கியதும் அதே படிக்கட்டில் அடுப்பு வைப்பார்கள். மக்காச்சோளத்தைத் துருவிப் பாலில் வேகவைத்த கீஸ், குளிர்காலத்தில் பொரித்த கராடுக் கிழங்கு, தட்டு நிறைக்கும் ஜலேபா, இரண்டு மணி வரை ஓடும்.

இங்கே சொல்லும் காரணம் வேறு. கடையில் தங்கம் இருக்கிறது, தெருவில் ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம் இருந்தால் திருடன் வர மாட்டான். அதனால் நகைக்கடைக்காரர்களே சாப்பாட்டுக் கடைகளை விரும்பி உட்கார வைத்தார்கள் என்பார்கள். அகமதாபாத் மாணிக் சௌக்கிலும் இதே மாதிரி, பகலில் நகை, இரவில் சாப்பாடு. சாங்ஆன் அரசன் இருட்டில் கூட்டத்தைக் கண்டு பயந்தான், எங்கள் சேட் அதே கூட்டத்தைக் காவலுக்கு வைத்துக்கொண்டார்.

#13 கணக்குப்பிள்ளை

அக்கா, அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. ராணுவச் சட்டக் கணக்கையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் எல்லாவற்றிலும் ஒருவன் ‘சரி, இருந்துவிட்டுப் போ’ என்று விட்டிருக்கிறான், அதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். விடுபவன் பேரரசனோ, கோயில்காரரோ, சேட்டோ. சிங்கப்பூரில் விட்டவர்களே நிறுத்தியும் விட்டார்கள்.

#14 ஊர்க்குருவி

ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூன்று நாள் வாயைப் பிளந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஷிலினில் சாப்பாட்டுக் கடைகளைத் தேடி அலைந்தேன், பாதி நிலத்தடியில் இருக்கிறதே? ஏதோ வணிக வளாகத்தின் கீழ்த்தளம் மாதிரி. அங்கே எனக்கு ஒட்டவில்லை. அப்புறம், சைவத்துக்கு அடுத்த தடவை வழி சொல்லுங்கள்.

#15 தைனான்_மாணவி

பழைய கட்டடத்தை இடித்து, பல வருடம் ரயில் நிலையத்துக்கு எதிரே தற்காலிகமாக வைத்திருந்து, 2011 கடைசியில் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சாப்பாடு அடித்தளத்துக்குப் போனது அப்போதுதான். மழைக்கு நல்லது, ரெனாவ் மட்டும் படி இறங்கி வர மறுக்கிறது. தைப்பே நண்பர்கள் ஷிலினைச் சுற்றுலாக்காரருக்கு விட்டுவிட்டு நிங்ஷியா இரவுச் சந்தைக்குப் போகிறார்கள்.

சைவத்துக்கு: ஸ்வஸ்திகா போட்ட பலகையைத் தேடுங்கள், பௌத்தச் சைவக் கடையாக இருக்கும். சர்க்கரைவள்ளி உருண்டை பொரிப்பார்கள், எண்ணெயில் அமுக்க அமுக்க பந்து மாதிரி உப்பும், உள்ளே வெறும் காற்று. அப்புறம் கட்டாயம் சாப்பிட வேண்டியது, பெரிய கடலைமிட்டாய்ப் பாளத்தைத் தச்சர் இழைப்புளியால் சீவி, மெல்லிய ரொட்டியில் தூவி, ஐஸ்கிரீம் வைத்து, மேலே கொத்தமல்லித்தழை போட்டுச் சுருட்டித் தருவார்கள். ஐஸ்கிரீமில் கொத்தமல்லியா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள்.

#16 மட்டுறுத்துநர்

கொத்தமல்லி பற்றி வந்த ஒன்பது பதிவுகளைச் சமையல் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். சண்டையை அங்கே தொடரலாம்.

#17 தாமான்வாசி

இன்று வியாழன். மூன்று மணியிலிருந்து வானம் கறுத்துக் கிடக்கிறது. வேன்கள் வந்து நிற்கின்றன, யாரும் குடை விரிக்கவில்லை, எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

#18 தாமான்வாசி

ஐந்து மணிக்குக் கொட்டிவிட்டது. பாதிக் கடை திரும்பிப் போயிற்று. சாத்தே இல்லை, ஆப்பாம் பாலிக் இல்லை. புத்து மாயாம்காரர் மட்டும் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து அதற்குள்ளேயே உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தார். ஆறு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். ‘இன்னும் ரெண்டு வச்சுக்குங்க, நாளைக்குத் தாங்காது’ என்று சும்மா கொடுத்தார். ஏட்டுச்சுவடி ஐயா, உங்கள் கூவியர் இவர்தான் போலிருக்கிறது. தூங்கவில்லை, கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.